குட்டி யானையின் முதுகில் ஒரு பட்டறை

— இளநிலை இயற்பியல், மூன்றாம் ஆண்டு மாணவர்

கடைக் கண்ணாடிக்குப் பின்னால் வெண்ணிறத்தில் வீற்றிருக்கும் ஏ.சி. இயந்திரத்தை நாம் அறிவோம். வீட்டுச் சுவரில் ஏறி அமர்ந்த பின் அது தரும் குளிர்ச்சியையும் அறிவோம். ஆனால் இவ்விரண்டிற்கும் இடையே அதனைச் சுமந்து வந்து, சுவரைத் துளைத்து, குழாய் பூட்டி, உயிர் கொடுத்துச் செல்லும் நான்கைந்து பேரையும், அவர்கள் வந்திறங்கும் வண்டியையும் நாம் ஏறிட்டும் பார்ப்பதில்லை. அந்த வண்டியைப் பற்றியதே இக்கட்டுரை.

என் தாய்மாமன் தாம்பரத்தை அடுத்த பகுதியில் ஏ.சி. பொருத்தும் குழு ஒன்றை நடத்தி வருகிறார். கோடை விடுமுறையில் அவரோடு வேலைக்குப் போவது என் வழக்கம். விடுதிச் செலவிற்கு அது உதவும். மாமாவின் வண்டி நம் சாலைகளில் எங்கும் காணும் டாடா ஏஸ். 2005ஆம் ஆண்டில் வெளிவந்த இச்சிறு சரக்கு வண்டிக்குத் தமிழ்நாட்டு மக்கள் சூட்டிய பெயர் ‘குட்டி யானை’. அதன் சரக்குத் தளம் ஏழடிக்குச் சற்று மேற்பட்ட நீளமும், ஐந்தடிக்குச் சற்றுக் குறைந்த அகலமும் உடையது. ஏற்றத்தக்க எடை ஏறத்தாழ முக்கால் டன். இந்தச் சிறு இடத்திற்குள் நான்கு ஏ.சி.களும், அவற்றைப் பொருத்துவதற்கான ஒரு முழுப் பட்டறையும் அடங்க வேண்டும்.

குளிர்நாடுகளில் இத்தொழிலுக்கென்றே நாற்புறமும் அடைத்த பெரிய வேன்கள் உண்டு. அமெரிக்காவிலும் கனடாவிலும் ஒரே குழுவினர் வீட்டுக்கு வெப்பமூட்டும் உலையையும் பொருத்துவர்; குளிரூட்டியையும் பொருத்துவர். ஆகவே தகரக் காற்றுக் குழாய்களையும் அவற்றை மடிக்கும் கருவிகளையும்கூட அவர்கள் ஏற்றிச் செல்ல வேண்டியிருக்கிறது. வேனுக்குள் ஆள் நிமிர்ந்து நின்று, இருபுறத்துத் தட்டுகளிலிருந்தும் வேண்டியதை எடுக்கலாம். நமக்கு அந்த வசதி இல்லை. நம் குட்டி யானைக்குக் கூரையும் இல்லை. ஒரு தார்ப்பாய்தான் உண்டு.

நிற்க. இந்த வண்டியைப் பற்றி நான் சிந்திக்கத் தொடங்கியதற்கு ஒரு விபத்தே காரணம்.

2024ஆம் ஆண்டு மே மாதம். பழைய மகாபலிபுரம் சாலையில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் வேலை முடித்துவிட்டு மாலையில் திரும்பிக்கொண்டிருந்தோம். முன்னால் மாமாவும் மூத்த மெக்கானிக்கும். பின்னால் சரக்குத் தளத்தில் நானும் ஹெல்ப்பர் பையன் ஒருவனும். எங்களுக்கு நடுவே ஆளுயரத்திற்குச் சற்றே குறைந்த நைட்ரஜன் சிலிண்டர் ஒன்று, காப்பர் பைப் சுருளில் சாய்ந்தவாறு படுத்திருந்தது. ஒரு சந்தில் திரும்பும்போது குறுக்கே ஆட்டோ வந்தது. மாமா வண்டியை ஒடித்தார். அறுபது கிலோ இரும்பு உருண்டு வந்து, காலை நீட்டி உட்கார்ந்திருந்த பையனின் கணுக்காலின் மேல் நின்றது. எலும்பு முறிந்துவிட்டது. அவன் வயது பத்தொன்பது. அவன் வீட்டில் வருமானம் உள்ளவன் அவன் ஒருவனே.

அன்றிரவு மருத்துவமனைத் தாழ்வாரத்தில் மாமா என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டார். “நீ ஃபிஸிக்ஸ்தானேடா படிக்கிற? இது உருளும்னு உனக்குத் தெரியாதா?”

தெரியும். வகுப்பில் தெரியும், வண்டியில் தெரியவில்லை. மறுநாள் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். அச்சிலிண்டரின் விட்டம் ஏறத்தாழ 23 செ.மீ., உயரம் ஒன்றரை மீட்டர். நிமிர்த்தி வைத்த இத்தகைய உருளையைக் கவிழ்க்க எவ்வளவு பக்கவாட்டு முடுக்கம் போதும்? விட்டத்தை உயரத்தால் வகுத்து, புவியீர்ப்பு முடுக்கத்தால் பெருக்கினால் விடை கிடைக்கும்: வினாடிக்கு வினாடி ஒன்றரை மீட்டர். வண்டியோ மணிக்கு 18 கி.மீ. என்ற மெதுவான வேகத்தில், பத்து மீட்டர் ஆரமுள்ள வளைவில் திரும்பினாலே இரண்டரை மீட்டர் முடுக்கம் தோன்றிவிடுகிறது. ஆக, கட்டாத சிலிண்டர் நிற்க வைத்தால் சாயும். படுக்க வைத்தால் உருளும். இதில் மூன்றாவது வழி கிடையாது. அதனுள் இருப்பதோ காற்றழுத்தத்தைப் போல் 150 மடங்கு அழுத்தமுள்ள வாயு. தலைப்பகுதியின் வால்வு மூடியில்லாமல் அடிபட்டு முறிந்தால், சிலிண்டரே ஏவுகணையாகப் பாயும். அன்று கணுக்காலோடு போனது எங்கள் நல்ல காலம் என்றுதான் சொல்ல வேண்டும். அதைப் பையனிடம் சொல்லும் துணிவு எனக்கு இல்லை.

வண்டியை ஒழுங்குபடுத்துவது என்று மாமா முடிவு செய்தார். படம் வரையும் பொறுப்பு என்னிடம் வந்தது. அமெரிக்க வேன்களைப் போல் இருபுறமும் தட்டுகள், நடுவில் நடைபாதை, எளிதாக இறக்குவதற்காக வால்பக்கத்தில் சிலிண்டர்கள் என்று அழகாக வரைந்துகொண்டு வெல்டிங் பட்டறைக்குப் போனேன். பட்டறைப் பெரியவர் படத்தை வாங்கிப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

“தம்பி, நடுவுல நாலு ஏ.சி. பெட்டி வெச்சப்புறம் நீ எங்க நிப்ப? அப்புறம், சிலிண்டர வால் பக்கம் வெச்சா குட்டி யானை தும்பிக்கையத் தூக்கும். பரவாயில்லையா?”

அவர் சொன்னது நெம்புகோல் தத்துவமே. பின்சக்கர அச்சுக்குப் பின்னால் வைக்கும் ஒவ்வொரு கிலோவும் அச்சையே தாங்குபுள்ளியாகக் கொண்டு முன்சக்கரங்களின் மேலுள்ள பாரத்தைக் குறைக்கும். முன்சக்கரம் இலேசானால் ஸ்டியரிங் பிடிமானம் குறையும். ஆகவே கனமான பொருள்கள் ஓட்டுநர் அறையின் பின்சுவரை ஒட்டி, இரு அச்சுகளுக்கு இடையில், தளத்தோடு தளமாக இருக்க வேண்டும். உயரே வைக்கத் தகுந்தவை காப்புக் குழல், டேப் சுருள், வடிகால் பைப் போன்ற எடையற்றவையே. எம்.எஸ்சி. படித்தவர்களும் தவறவிடக்கூடிய இதனை அவர் எந்தப் புத்தகத்திலும் படித்ததில்லை. ஒருமுறை தேங்காய் வண்டி ஒன்றுக்குத் தவறாகக் கூண்டு கட்டிக் கற்றுக்கொண்டாராம்.

இன்னொன்றையும் அவர் கேட்டார்: “தட்டு எந்தப் பக்கம் திறக்கணும்?” நான் அதை நினைத்தே பார்க்கவில்லை. நம் நாட்டில் வண்டிகள் சாலையின் இடப்புறம் செல்கின்றன. இடப்புற ஓரத்தில் நிற்கின்றன. வலப்புறம் திறந்தால், கருவி எடுப்பவன் முதுகுக்குப் பின்னால் பேருந்து போகும். இடப்புறம் திறந்தால் நடைபாதையில் நின்று எடுக்கலாம். ஓட்டுநர் வலப்புறம் அமர்வதால், கருவித் தட்டுகளின் பாரம் இடப்புறம் அமைவது சமநிலைக்கும் நல்லதே. இவ்வாறாக என் படம் முழுவதும் மாறிற்று. இறுதியில் உருவானது இதுதான்: இடப்பக்கப் பலகைக்கு மேல் வெளிப்புறம் திறக்கும் ஒரே வரிசைத் தட்டு, முன்சுவரை ஒட்டிச் சிலிண்டர்களுக்கு ஆங்கிள் இரும்பில் இரண்டு தொட்டில், எஞ்சிய இடம் முழுவதும் ஏ.சி. பெட்டிகளுக்கு, ஏணிக்கு மேலே ஒரு தாங்கி.

தொட்டில் ஏன் இரண்டு? இதுவே நான் இக்கட்டுரையில் முக்கியமாகச் சொல்ல விரும்புவது.

குழாய் இணைப்புகளில் கசிவு உண்டா என்று பார்ப்பதற்கு அதிக அழுத்தத்தில் நைட்ரஜனைச் செலுத்தி நிறுத்தி வைப்பார்கள். கேஸ் வெல்டிங் செய்யவோ ஆக்சிஜன் வேண்டும். இரண்டு சிலிண்டர்களும் ஒன்றுபோல் இருக்கும். நம் நாட்டு வழக்கில் ஆக்சிஜனுக்குக் கறுப்பு நிறம். நைட்ரஜனுக்குச் சாம்பல் உடலும் கறுத்த கழுத்தும். ஆனால் ஓராண்டு தூசியும் கிரீசும் படிந்த பிறகு இரண்டும் ஒரே நிறந்தான். ஆள் தெரியாமல் நைட்ரஜனுக்குப் பதில் ஆக்சிஜனைக் குழாயில் ஏற்றினால் என்ன ஆகும்? கம்ப்ரசரில் எண்ணெய் இருக்கிறது. அழுத்தமான ஆக்சிஜனும் எண்ணெயும் சேர்ந்தால் தீப்பொறிகூட வேண்டாம், வெடித்துவிடும். இத்தொழிலில் உயிர்கள் போவதற்கு இது ஒரு காரணம்.

எரியும் வாயுக்களின் சிலிண்டருக்கு இடப்பக்க மரை, மற்றவற்றுக்கு வலப்பக்க மரை என்று ஒரு நல்ல ஏற்பாடு உண்டு. சங்கில் இடம்புரியும் வலம்புரியும் போல என்று வைத்துக்கொள்ளுங்கள். எல்.பி.ஜி. குழலை ஆக்சிஜனில் மாட்ட முயன்றால் திருகு ஏறாது. ஆனால் ஆக்சிஜன் தானாக எரியும் வாயு அன்று, நைட்ரஜனும் அன்று. இரண்டும் வலம்புரியே! மரை இங்கே நம்மைக் காப்பாற்றாது. ஆகவே ஆக்சிஜனுக்கு இடத்தொட்டில், வெல்டிங் சாமான்களோடு. நைட்ரஜனுக்கு வலத்தொட்டில், கேஜ் பெட்டியோடு என்று பிரித்தோம். இருட்டிலும் கை தவறான பக்கம் போகாது. ஒவ்வொன்றுக்கும் மேலே ஒரு சங்கிலி, கீழே ஒரு சங்கிலி. சிலிண்டரை வண்டியின் பக்கத்திற்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்குமாறு ஏற்றக் கூடாது, நிரப்பிய சிலிண்டரை இருசக்கர வாகனத்தில் கொண்டு செல்லவே கூடாது என்பவை 2016ஆம் ஆண்டின் எரிவாயு உருளை விதிகளில் அடங்கியவை. ஆனால் ஸ்கூட்டரில் இருவருக்கு நடுவே சிலிண்டர் போவதை நாம் தினமும் பார்க்கிறோம்.

எந்தச் சிலிண்டரை ஏற்றுவது என்பதிலும் ஒரு மாற்றம் செய்தோம். முன்பு எங்களிடம் இருந்தது பெரிய சிலிண்டர். அது வண்டியை விட்டு இறங்கியதே இல்லை! பதினோராவது மாடிக்கு அறுபது கிலோவை யார் தூக்குவார்கள்? அதுவும் பல குடியிருப்புகளில் சாமான் ஏற்ற லிஃப்ட் குறிப்பிட்ட நேரத்திற்குத்தான் கிடைக்கும். எனவே நைட்ரஜன் சோதனை பெரும்பாலும் நடப்பதே இல்லை. சோப்பு நுரையைத் தடவிப் பார்த்துவிட்டு வந்துவிடுவார்கள். நான் கணக்கிட்டுப் பார்த்தேன். வெளியே வைக்கும் பெட்டியின் வால்வுகள் மூடியே இருக்கும். சோதிக்க வேண்டியது குழாயும் உள்பெட்டியும் மட்டுமே. அவற்றின் கொள்ளளவு ஏறத்தாழ இரண்டு லிட்டர். காற்றழுத்தத்தைப் போல் 30 மடங்கு அழுத்தம் ஏற்ற 60 லிட்டர் நைட்ரஜன் போதும். பத்து லிட்டர் கொள்ளும் சிறு சிலிண்டரில், 150 மடங்கிலிருந்து 30 மடங்குக்கு இறங்கும் வரை, 1,200 லிட்டர் கிடைக்கும். ஆக ஒரு சிறு சிலிண்டரில் இருபது ஏ.சி.களைச் சோதிக்கலாம்! அதன் எடை பதினைந்து கிலோ அளவுதான். உயரம் ஏறத்தாழ மூன்றடி. ஒருவர் தோளில் போட்டுக்கொண்டு போகலாம். மாமா இந்தக் கணக்கை ஒரு பீடிக்கட்டு அட்டையின் பின்புறம் எழுதி வாங்கிக்கொண்டார்.

வாக்கும் பம்ப் கதையும் இதுபோன்றதே. குழாயைப் பூட்டிய பின் உள்ளே இருக்கும் காற்றையும் ஈரத்தையும் உறிஞ்சி வெளியேற்ற வேண்டும். தண்ணீர் நூறு பாகையில்தான் கொதிக்கும் என்பது சாதாரணக் காற்றழுத்தத்தில் உண்மை. அழுத்தம் 32 மி.மீ. பாதரசத்திற்குக் குறைந்தால் அது 30 பாகையிலேயே கொதித்து ஆவியாகிவிடும். பம்ப் அழுத்தத்தை அரை மி.மீ. வரை, தொழில் மொழியில் 500 மைக்ரான் வரை, இறக்க வேண்டும். அப்போதுதான் குழாயின் உட்சுவரில் ஒட்டியிருக்கும் ஈரமும் வெளியேறும். ஈரம் தங்கினால் கம்ப்ரசர் எண்ணெயோடு வினைபுரிந்து அமிலம் உண்டாகும். இரண்டு மூன்று கோடையில் கம்ப்ரசர் போய்விடும். இத்தனை அவசியமான பம்ப் எங்கள் பழைய வண்டியில் எங்கே இருந்தது தெரியுமா? எல்லாவற்றுக்கும் அடியில். அதை எடுக்க இரண்டு ஏ.சி. பெட்டிகளை இறக்க வேண்டும். விளைவு? ஏ.சி.யில் உள்ள வாயுவையே கொஞ்சம் திறந்துவிட்டு, “காத்து போயிடுச்சு” என்று முடித்துவிடுவது. காற்று போகும், ஈரம் போகாது. கைக்கு எட்டாத கருவி வண்டியில் இல்லாத கருவிதான்.

அந்த வாயுவும் சும்மா போவதில்லை. பழைய இயந்திரங்களில் ஆர்-22, சில ஆண்டுகளுக்கு முந்தையவற்றில் ஆர்-410ஏ, இப்போது வருவனவற்றில் பெரும்பாலும் ஆர்-32. ஒரு கிலோ ஆர்-410ஏ வெளியில் கலந்தால், நூறாண்டுக் கணக்கில் ஏறத்தாழ 2,000 கிலோ கரியமில வாயு செய்யும் வெப்பக் கேட்டைச் செய்யும். ஆர்-32க்கு அது 675. ஆனால் ஆர்-32 மிதமாக எரியக்கூடியது. அதன் அழுத்தமும் ஆர்-22ஐவிட ஒன்றரை மடங்குக்கு மேல். ஆகவே ஆர்-22க்கு வாங்கிய கேஜை இதற்கு மாட்டக் கூடாது. எண்ணெயும் வேறு என்பதால் ஹோஸ்களையும் மாற்றிப் பயன்படுத்தக் கூடாது. எங்கள் தட்டில் இப்போது இரண்டு கேஜ் பெட்டிகள், இரண்டு நிறத்தில். வாயு சிலிண்டர்களைத் தகரப் பெட்டிக்குள் பூட்டி வைக்கலாம் என்று நான் முதலில் நினைத்தேன், திருட்டுப் பயம்தான். ஆனால் சென்னையின் மே மாத வெயிலில் மூடிய தகரப் பெட்டி அடுப்பாகிவிடும். இச்சிலிண்டர்கள் 50 பாகைக்கு மேல் சூடாகக் கூடாது. உள்ளே திரவம் விரிந்து இடமில்லாமல் போனால் அழுத்தம் கட்டுக்கடங்காது ஏறும். எனவே பெட்டிக்குப் பதில் கம்பிக் கூண்டு. காற்றோட்டமும் உண்டு, பூட்டும் உண்டு.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அவுட்டோர் பெட்டியை எப்போதும் நிமிர்த்தியே ஏற்ற வேண்டும். சாய்த்தால் கம்ப்ரசர் எண்ணெய் குழாய்க்குள் ஓடிவிடும். காப்பர் பைப்பின் இரு முனைகளுக்கும் மூடி வேண்டும். இல்லையேல் சாலைத் தூசி முழுவதும் அதற்குள்தான். முதலில் வேண்டிய பொருள் கடைசியில் ஏற வேண்டும். எங்கள் வேலையில் முதலில் வேண்டியவை ஏணி, பாதுகாப்பு பெல்ட், துளைபோடும் இயந்திரம், ஸ்டாண்ட். கடைசியில் வேண்டியவை பம்ப்பும் கேஜும். ஒவ்வொரு வேலைக்கும் மேலே போக வேண்டியவற்றை மூன்று பிளாஸ்டிக் கூடைகளில் பிரித்து வைத்தோம். ஒரு வாஷருக்காகப் பதினோரு மாடி இறங்கி ஏறும் துன்பம் இதனால் பெரிதும் குறைந்தது. முற்றிலும் ஒழிந்தது என்று சொன்னால் மூத்த மெக்கானிக் என்னை அடிப்பார்.

எல்லாம் நன்மையாகவே முடிந்ததா என்றால் இல்லை. இரும்புச் சட்டமே ஏறத்தாழ தொண்ணூறு கிலோ. அந்த அளவுக்கு ஏற்றும் திறன் குறைந்தது. பெரியவர் முதலில் செக்கர்டு பிளேட் போடலாம் என்றார். எடை கருதிப் பிளைவுட்டில் நின்றுகொண்டோம். ஒரு மழைக்காலத்தில் அதன் ஓரம் உப்பிவிட்டது. முன்பு நெருக்கி ஐந்து ஏ.சி. ஏற்றிய மாமா இப்போது நான்குதான் ஏற்றுகிறார். பின்னால் ஆள் உட்கார இடமும் இல்லை. சரக்குத் தளத்தில் ஆள் ஏற்றுவதைச் சட்டமும் அனுமதிப்பதில்லை. ஹெல்ப்பர்கள் இருவரும் ஒரு மோட்டார் சைக்கிளில் வருகிறார்கள். பெட்ரோல் காசு மாமாவுடையது. “உன் ஃபிஸிக்ஸ் எனக்கு மாசம் எவ்வளவு செலவு வைக்குது தெரியுமா?” என்று அத்தை முன்னால் என்னைக் கேட்பார். ஆனால் சட்டத்தைக் கழற்றச் சொன்னதில்லை. ‘கேஸ் நிக்கலை’ என்று திரும்பக் கூப்பிடும் வீடுகள் குறைந்திருக்கின்றன என்பதை அவர் வாயாலேயே ஒருமுறை கேட்டேன்.

கால் முறிந்த பையன் ஆகஸ்டு மாதம் வேலைக்குத் திரும்பினான். மாடிப்படி ஏறும்போது இப்போதும் ஒரு காலைச் சற்று மெதுவாகத்தான் வைக்கிறான். காலையில் வண்டி புறப்படுமுன் தொட்டில் சங்கிலிகளை மாட்டுவது அவன் வேலை. இரண்டையும் இழுத்துப் பார்த்து, வண்டியின் பக்கவாட்டில் இருமுறை தட்டுவான். அதன் பிறகே மாமா கியர் போடுவார்.